தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்டு: வீட்டுக்கு எதை வாங்குவது?

மதுரையை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால், பழைய சாலையோரப் புளியமரத்தடியில் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் "கொஞ்சம் கை கொடுங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தோள் உயரத்தில் இருக்கும் அந்தக் கல்லில் சுமையைச் சாய்த்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம் எடுத்துக்கொண்டு போவார்.

ஜாக்கியால் தூக்கிய காருக்கு அடியில் முட்டாக நிறுத்துகிற ஜாக் ஸ்டாண்டு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கல்லைத்தான் சொல்வேன். ஜாக்கி என்பது சுமையைத் தூக்கிவிடும் கை. ஸ்டாண்டு என்பது சுமைதாங்கி. எவ்வளவு பலமான கையாக இருந்தாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றால் ஒரு கட்டத்தில் நடுங்கும். இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் அளவும் விலையும்தான்.

வீட்டு வாசலிலேயே காரின் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடிக்கிற வேலைகள்தான். அவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, குறைஞ்ச விலையில நல்ல ஜாக்கி எது?" ஸ்டாண்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் ஆரம்பத்தில் தெரியாது. சில வருஷங்களுக்கு முன்பு கள்ளிக்குடிப் பக்கம் மாமனார் தோட்டத்துக்கு ஆல்ட்டோவில் போயிருந்தேன். கார்த்திகை மாதம், முந்தின நாள் நல்ல மழை. திரும்பும்போது பார்த்தால் பின்சக்கரம் ஒன்று பஞ்சர். டிக்கியில் இருந்த ஜாக்கியை எடுத்துக் கரிசல் தரையிலேயே வைத்து முடுக்கினேன். வண்டி ஏறியது. சக்கரத்தைக் கழற்றிக் கீழே சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டெப்னியை எடுக்க டிக்கிப் பக்கம் போனேன். ஜாக்கியின் அடித்தட்டு ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஈரக் கரிசல் சத்தம் போடாது, மெழுகு மாதிரி விட்டுக்கொடுக்கும். ஜாக்கி சாய்ந்து, வண்டி பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்து, பிரேக் டிரம் மண்ணில் குத்தி நின்றது. அரை நிமிஷம் முன்பு என் இரண்டு கையும் அந்த டிரம்முக்குக் கீழேதான் இருந்தன. மாமா ஓடி வந்து, "மாப்ள, வண்டி கெடக்குது விடுங்க, மொதல்ல கையக் காட்டுங்க" என்றார். கையில் ஒன்றுமில்லை. ஆனால் ரொம்ப நேரம் நடுக்கம் நிற்கவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகுதான் ஜாக்கி என்பது எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

மூன்று வகை ஜாக்கி

முதலாவது வண்டியோடு கம்பெனி கொடுப்பது. கத்திரிக்கோல் போல விரிந்து மடங்குவதால் சிசர் ஜாக்கி என்று பெயர். பட்டறைகளில் ஸ்க்ரூ ஜாக்கி என்பார்கள். நடுவே ஒரு நீளமான திருகுக் கம்பி ஓடுகிறது. கம்பியைச் சுற்றச் சுற்ற இரு பக்க மூலைகளும் நெருங்கி, தலை மேலே ஏறும். மடங்கிக் கிடக்கும்போது சுற்றுவது கடினம், உயர உயர இலகுவாகும். இதில் ஒரு நல்ல குணம் உண்டு. திருகின் மரை அதுவாகப் பின்னால் சுழலாது என்பதால், எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும் என்ற பயம் இல்லை. கெட்ட குணம், அடித்தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இறங்காது, ஆனால் சாயும். எனக்கு நடந்தது அதுதான். சாலையோரத்தில் ஒரு சக்கரம் மாற்றி வீடு வந்து சேர்வதற்காகச் செய்த பொருள் அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

இரண்டாவது பாட்டில் ஜாக்கி. பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும், லாரிக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கும். மூன்றாவது ட்ராலி ஜாக்கி, நாலு சக்கரம் வைத்து நீளமாகத் தரையில் உருட்டிக்கொண்டு போவது. டயர்க் கடைகளில் ஒரு நிமிஷத்தில் வண்டியைத் தூக்கிவிடுவது இதைக் கொண்டுதான். இவை இரண்டும் வேலை செய்வது எண்ணெயால்.

அது எப்படி என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். ஊசி போடும் சிரிஞ்சில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று எடுத்து, இரண்டின் மூக்கையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்துத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னதை ஒரு விரலால் அழுத்தினால் பெரியது எழும்பும். பெரியதின் மேல் இன்னொருவர் கட்டைவிரலை வைத்துத் தடுத்தாலும், உங்கள் ஒற்றை விரல் ஜெயிக்கும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று படித்தோமே, அதுதான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போய்ச் சேரும். பரப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் விசையும் பெரிதாகிவிடும். பாஸ்கல் வாழ்ந்தது 17-ஆம் நூற்றாண்டில். அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சின்னதான, திரவ அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கிக்கு ரிச்சர்ட் டட்ஜன் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கியது 1851-ல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜாக்கிக்குள் சின்ன பிஸ்டனின் விட்டம் 1 செ.மீ., பெரிய பிஸ்டனின் விட்டம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 9 மடங்கு. கைப்பிடி ஒரு நெம்புகோல். அது 15 மடங்கு கொடுக்கிறது என்று கொண்டால் மொத்தம் 135 மடங்கு. 500 கிலோ பாரத்துக்கு நீங்கள் கைப்பிடியில் கொடுக்க வேண்டியது 4 கிலோவுக்கும் குறைவு, உராய்வைக் கணக்கில் சேர்க்காமல். ஒரு குடம் தண்ணீர் தூக்குவதைவிட லேசு. ஆனால் இலவசமாக எதுவும் வராது: சின்ன பிஸ்டன் 1.8 செ.மீ. இறங்கினால் பெரியது 2 மி.மீ.தான் ஏறும். 20 தடவை அடித்தால்தான் 4 செ.மீ.

இப்போது அதே படத்தைத் தலைகீழாகப் பாருங்கள். அந்த 500 கிலோவையும் மேலே நிறுத்தி வைத்திருப்பது எது? பெரிய பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ஒரு ரப்பர் வளையமும், அடியில் எண்ணெயைத் திரும்பி ஓடவிடாமல் அடைத்து நிற்கும் குண்டுமணி அளவு இரும்புக் குண்டும்தான். ஆயில் சீல் என்று சொல்வது அந்த ரப்பரைத்தான். நம் ஊர் வெயிலில் கார் டிக்கியில் கிடந்து அது காயும், வெடிக்கும். வால்வுக்குள் ஒரு தூசி போய்ச் சிக்கினால் போதும், குண்டு சரியாக உட்காராது. சில நேரம் மெல்ல இறங்கும், சில நேரம் பொத்தென்று இறங்கும். புதுசு, விலை அதிகம், பெரிய கம்பெனி என்பதெல்லாம் இந்த இடத்தில் உதவாது. எண்ணெய் ஜாக்கி என்றாலே இப்படித்தான். ஆகவே அது தூக்கட்டும். தாங்குவதற்கு இரும்பின் மேல் இரும்பு உட்கார்கிற ஒன்று வேண்டும்.

டன் கணக்கைவிட உயரக் கணக்கு

கடையில் எல்லாரும் முதலில் பார்ப்பது டன். 2 டன்னா, 3 டன்னா? அது அவ்வளவு குழப்பமான விஷயம் இல்லை. ஆல்ட்டோ மொத்தமே 750 கிலோவை ஒட்டியது. ஸ்விஃப்ட் 900 கிலோ அளவு. முன்சக்கரத்தால் ஓடும் இந்த மாதிரி வண்டிகளில் எடையில் பத்தில் ஆறு பங்கு முன்பக்கம் இருக்கும். ஸ்விஃப்டின் முன்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் 550 கிலோவுக்குள்தான். 2 டன் தாராளம். இன்னோவா, ஸ்கார்ப்பியோ, பொலேரோ வைத்திருப்பவர்கள் 3 டன் எடுங்கள். அவ்வளவுதான்.

உயரம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு ஜாக்கிக்கும் இரண்டு உயரம் உண்டு. முழுக்க இறக்கிய நிலையில் எவ்வளவு, முழுக்க ஏற்றிய நிலையில் எவ்வளவு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். குறைந்த விலைப் பாட்டில் ஜாக்கிகள் இறக்கிய நிலையிலேயே 16, 18 செ.மீ. இருக்கும். சின்னக் காரில் டயர் காற்றிறங்கிக் கிடக்கும்போது அது உள்ளேயே போகாது. போகாமல் வெளியே நின்று முழிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். பொலேரோ மாதிரி உயரமாக, அடியில் சேசிஸ் சட்டம் ஓடுகிற வண்டிக்கு அதே பாட்டில் ஜாக்கி நன்றாகப் பொருந்தும்.

சின்ன ட்ராலி ஜாக்கிகள் பெரும்பாலும் 13, 14 செ.மீ.யில் தொடங்கி 33, 35 செ.மீ. வரை போகும். ஹேட்ச்பேக்குக்கு உள்ளே நுழைந்துவிடும், சரி. ஆனால் 3 டன் ஸ்டாண்டுகள் பல, மிகத் தாழ்ந்த நிலையிலேயே 28 செ.மீ. உயரம். ஜாக்கி 33 வரை தூக்கினால்தான் 28 செ.மீ. ஸ்டாண்டை உள்ளே தள்ள முடியும். கையில் மிஞ்சுவது 5 செ.மீ.தான். வண்டியைத் தூக்கும்போது சக்கரம் உடனே தரையை விட்டு எழும்பாது, ஸ்பிரிங் நீண்டு சக்கரம் தொங்கிக்கொண்டே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரமான எஸ்.யூ.வி.க்கு இந்தச் சின்ன ட்ராலி ஜாக்கியை வாங்கினால் சட்டத்தைத் தொடுவதற்குள்ளேயே பாதி உயரம் தீர்ந்துவிடும். மீதி உயரத்துக்கு ஜாக்கித் தலையில் மரக்கட்டையை அடுக்குவார்கள். தயவுசெய்து அது வேண்டாம். கட்டை நழுவினால் வண்டி நேராகக் கீழே வராது, பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும்.

கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்து, உங்கள் வண்டியில் ஜாக்கி வைக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று இல்லாதபோது அது இன்னும் சில செ.மீ. தாழும் என்று கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைவிட ஜாக்கியின் தாழ்ந்த உயரம் குறைவாகவும், ஸ்டாண்டின் தாழ்ந்த உயரத்தைவிட ஜாக்கியின் உச்ச உயரம் குறைந்தது 5 செ.மீ. கூடுதலாகவும் இருக்க வேண்டும். எந்தப் பிராண்டு என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

ஸ்டாண்டு வாங்கும்போது

ஸ்டாண்டில் இரண்டு வகை. ஒன்று பல் வைத்தது. நடுத்தண்டில் ரம்பம் போலப் பற்கள் இருக்கும், ஒரு சின்ன நாக்கு அதில் போய் உட்காரும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்கினால் நாக்கு விலகும். இன்னொன்று பின் வைத்தது. தண்டில் வரிசையாகத் துளை, அதில் ஒரு தடித்த இரும்புப் பின்னைச் சொருகுவது, அவ்வளவுதான்.

பல் வகை வேகமாக வேலை நடக்கும். ஆனால் நாக்கு பல்லில் முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அமெரிக்காவில் 2020-ல் ஒரு பெரிய கருவிக் கடைத்தொடர் இந்த வகை ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்ப வாங்க வேண்டி வந்தது. உற்பத்தி அச்சு தேய்ந்துபோனதால் நாக்கும் பல்லும் சரியாகப் பொருந்தாமல், பாரம் இருக்கும்போதே தண்டு கீழே நழுவும் ஆபத்து. அதற்கு மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் வெல்டிங் குறை என்று அதே ஆண்டில் மறுபடி திரும்ப வாங்கினார்கள். ஆகவே பல் வகையை வாங்கினால், தண்டின் குறுக்கே கூடுதலாக ஒரு பாதுகாப்புப் பின் சொருகும்படி இருப்பதாகப் பாருங்கள். வீட்டு வேலைக்கு என் தேர்வு வெறும் பின் வகை. அசையும் பாகம் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. உயரத்தை மாற்ற அரை நிமிஷம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. ஸ்டாண்டைக் கவிழ்த்துக் கால்களின் வெல்டிங்கைப் பாருங்கள். மூட்டு முழுக்க ஓடிய கோடாக இருக்க வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி இருந்தாலோ, பெயிண்டுக்கு அடியில் ஓட்டை தெரிந்தாலோ வேண்டாம். சமமான தரையில் நிறுத்தித் தலையைத் தட்டிப் பாருங்கள், நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் உட்கார வேண்டும். தண்டு குழாய்க்குள் கொஞ்சம் ஆடுவது சகஜம். தலை ஒரு விரல் அகலத்துக்கு ஆடினால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி வைப்பதை நம் தெருக்களில் தினமும் பார்க்கலாம். சுவரில் இருக்கும்போது பாரம் செங்கல் முழுவதிலும் பரவி இறங்குகிறது. வண்டியின் அடியில் வைத்தால் ஒரே ஒரு தகட்டு விளிம்பு அதைக் கத்தி மாதிரி அழுத்தும். மரம் உடையும் முன் முனகும். ஹாலோ பிளாக் முனகாது. ஒரு நொடி முன்புவரை கல்லாக இருந்தது அடுத்த நொடி தூளாகிவிடும். வீடு கட்டும்போது தளத்துக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல்லை அடுக்குகிறோமா? சவுக்குக் கம்போ இரும்பு முட்டுக் குழாயோதானே நிறுத்துகிறோம்?

தரையும் சக்கரமும்

எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் கீழே தரை சரியில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. நம் ஊரில் பல வீடுகளில் வாசலில் வண்டி ஏறச் சாய்தளம் போட்டிருப்பார்கள். வண்டி பாதி சாய்தளத்திலும் பாதி தெருவிலும் நிற்கும். அங்கே வைத்துத் தூக்கக் கூடாது. தண்ணீர் ஓடுவதற்காக விட்ட லேசான வாட்டம்கூடச் சக்கரத்துக்குப் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தார் இளகும். ஸ்டாண்டின் கால் விளிம்புகள் மெல்லிசானவை, மதியம் ஒரு மணிக்குத் தார் ரோட்டில் வைத்தால் அல்வாவில் கரண்டி மாதிரி இறங்கிவிடும். கரிசலின் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். மேலூர்ப் பக்கச் செம்மண் காய்ந்திருந்தால் தாங்கும், நனைந்தால் அதையும் நம்ப வேண்டாம். பேவர் பிளாக் தரையில் ஒற்றைக் கல் மட்டும் அமுங்கும். போர்டிகோவில் டைல்ஸ் என்றால் அடியில் பொந்து இருக்கும் டைல்ஸ் நொறுங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் போதும், ஆசாரியிடம் கேட்டால் மிச்சம் கிடக்கிறதைக் கொடுப்பார். ஈரக் கரிசலுக்கு அதுவும் போதாது. வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டாவது கெட்டித் தரைக்குப் போய்விடுங்கள்.

ட்ராலி ஜாக்கிக்கு இதில் இன்னொரு தேவையும் உண்டு. அதன் கை நேராக மேலே ஏறாது, வில் போல வளைந்து ஏறும். ஏற ஏற ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் முன்னே உருண்டு வர வேண்டும். மண்ணிலோ டைல்ஸ் இடுக்கிலோ சக்கரம் மாட்டிக்கொண்டால் உருள முடியாது. அப்போது மேலே தலை நழுவும். தூக்கும்போது கண் வண்டியை மட்டும் பார்க்காமல் ஜாக்கியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி அம்மன் தேர் மாசி வீதிகளில் வரும்போது கூட்டமெல்லாம் வடம் பிடிப்பவர்களைத்தான் பார்க்கும். நான் சின்ன வயதிலிருந்தே சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்களைத்தான் பார்ப்பேன். அவ்வளவு பெரிய தேர் நிற்பதும் திரும்புவதும் அவர்கள் சரியான நொடியில் சக்கரத்துக்கு அடியில் போடும் அந்தக் கட்டையால். காருக்கும் அதே கட்டை வேண்டும். முன்பக்கம் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு, பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு, முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேனே என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது காற்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் கியரில் போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் போடுங்கள், அதோடு கட்டையும் கொடுங்கள். ரப்பர்க் கட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆசாரியிடம் சாய்வாக அறுத்து வாங்கிய மரக்கட்டையும் நன்றாகவே நிற்கும்.

எங்கே வைப்பது

வண்டியோடு வந்த கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். சின்னக் கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னாலும் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாலும், இரண்டு சின்ன வெட்டுகள் தெரியும். அந்த வெட்டுகளுக்கு நடுவே உள்ள இடம்தான் பலப்படுத்தப்பட்டது. ட்ராலி ஜாக்கியின் தட்டையான தலை அந்த விளிம்பை நசுக்கிவிடாமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் சம்ப் (இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி), கியர்பாக்ஸ், தரைத்தகடு, ரேடியேட்டருக்குக் கீழ் உள்ள பிளாஸ்டிக் எதிலும் ஜாக்கி படக் கூடாது. நெக்ஸான் இ.வி., டியாகோ இ.வி. மாதிரி மின்சார வண்டிகளில் அடிப்பக்கம் பேட்டரி பரந்து கிடக்கிறது. கையேட்டில் காட்டிய புள்ளியைத் தவிர வேறெங்கும் தொடாதீர்கள்.

புதிதாகச் செய்பவர்கள் ஒரு இடத்தில் திகைப்பார்கள்: ஜாக்கி வைத்த இடத்திலேயேதானே ஸ்டாண்டையும் வைக்க வேண்டும், இரண்டும் எப்படி ஒரே இடத்தில் நிற்கும்? முன்பக்கம் நடுவே குறுக்குச் சட்டத்தில் தூக்கலாம் என்று உங்கள் கையேடு சொன்னால், அங்கே ஜாக்கியை வைத்துத் தூக்கி, இரண்டு பக்க விளிம்புப் புள்ளிகளிலும் ஸ்டாண்டை நிறுத்திவிடலாம். இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அதற்கு வழி இல்லாத வண்டியில் விளிம்புப் புள்ளியில் தூக்கி, பக்கத்தில் உள்ள சப்ஃபிரேமின் (வண்டியின் அடியில் இன்ஜினைத் தாங்கும் சட்டத்தின்) தடித்த பாகத்தில் ஸ்டாண்டைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் "அண்ணே, எந்த எடத்துல குடுக்கணும்?" என்று கேட்டு, சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் வண்டி ஆடும். ஸ்டாண்டை வைத்ததும், எண்ணெயைத் திரும்ப ஓடவிடும் ஜாக்கியின் வால்வை மிக மெதுவாகத் திறந்து பாரத்தை ஸ்டாண்டில் இறக்குங்கள். அப்புறம் மட்கார்டில் கை வைத்து, அடியில் போகும் முன், நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஜாக்கியை எடுத்துவிடாமல் பாரமில்லாமல் தொட்டபடி விட்டுவையுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சாய்க்காமல் வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள். பழைய மெக்கானிக்குகள் யாரும் சொல்லாமலே இதைச் செய்வார்கள். எல்லாமே கைவிட்டாலும் உங்கள் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சக்கரத்தின் கனம் இடைவெளி மிஞ்சும்.

பணத்தை எதில் போடுவது

சரி, விலை. இன்றைய நிலவரத்தில் 3 டன் ஸ்டாண்டு ஒரு ஜோடி ஏறக்குறைய 2,000 முதல் 3,500 ரூபாய். சின்ன 2 டன் ட்ராலி ஜாக்கி 2,500 முதல் 4,500 ரூபாய். கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் முதலில் ஸ்டாண்டை வாங்குங்கள். தூக்குவதற்கு டிக்கியில் ஏற்கெனவே ஒரு ஜாக்கி இருக்கிறது. அதன் உயரம் ஸ்டாண்டுக்குப் போதுமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். மெதுவாகத்தான் ஏறும், கை வலிக்கும். வலிக்கட்டும். ட்ராலி ஜாக்கி அடுத்த தீபாவளி போனஸில் வரலாம். ட்ராலி ஜாக்கியை முதலில் வாங்கிவிட்டு ஸ்டாண்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால், அந்த அப்புறம் வரவே வராது. ஆசையில் ஒருநாள் அடியில் போய்விடுவோம்.

ஆன்லைனில் ஐம்பது, நூறு ரூபாய் குறைவாக இருக்கலாம். ஆனாலும் நான் வடக்கு வெளி வீதி, சிம்மக்கல் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் நேரில் போய் வாங்கவே சொல்வேன். கையில் தூக்கிப் பார்க்கலாம், வெல்டிங்கைப் பார்க்கலாம், ஜாக்கியை உச்சம் வரை அடித்துக் காட்டச் சொல்லலாம். "இதுக்கு ஆயில் சீல் தனியா கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் அந்த ஜாக்கி பத்து வருஷம் ஓடும். பட்டறையில் கழித்த பழைய ட்ராலி ஜாக்கி சீல் மாற்றக்கூடியதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஸ்டாண்டைப் பழசாக வாங்காதீர்கள். வளைந்து நிமிர்த்திய கால் பெயிண்டுக்கு அடியில் தெரியாது.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை. சக்கரங்கள் மாட்டியபடியே வண்டியைத் தூக்கி, விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து குறித்துவிட்டு, 15 நிமிஷம் தள்ளி நில்லுங்கள். திரும்ப அளக்கும்போது குறைந்திருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். அடிக்கும்போது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. வால்வைத் திறந்து வைத்து, பாரமில்லாமல் பத்துப் பன்னிரண்டு தடவை வேகமாக அடித்தால் போய்விடும். எண்ணெய் குறைந்தால் ஜாக்கி ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். வேலை முடிந்ததும் பிஸ்டனை முழுக்க இறக்கி வையுங்கள், இல்லையென்றால் வெளியே நிற்கும் பளபளப்பான தண்டு துருவேறி அடுத்த தடவை சீலைக் கீறும்.

நான்கு வழிச் சாலையில் பஞ்சர் ஆனால் இது எதையும் அங்கே செய்ய வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, ஆட்களைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் லாரி போகும் காற்றிலேயே ஜாக்கியில் நிற்கும் சின்னக் கார் ஆடும்.

வீட்டில் வேலை நடக்கும்போது சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகள் விளையாட்டாகக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். இறக்கும்போது எல்லாம் தலைகீழ் வரிசை: ஜாக்கியால் கொஞ்சம் தூக்கி, ஸ்டாண்டை எடுத்து, மெல்ல இறக்கி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு நட்டுகளை ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக முடுக்குங்கள். அப்புறம் மேலூர் வரை ஒரு ஓட்டம் போய்வாருங்கள், ஏறக்குறைய 60 கி.மீ. ஆகிவிடும். வந்து வண்டி ஆறியதும் வீல் ஸ்பானரை எடுத்து, கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு இன்னும் கொஞ்சம் ஏறும்.